முற்றத்தில் கம்பளம் அடிக்கும் சத்தம்

கிராக்கோவ் நகரத்தின் அந்தக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கம்பளம் அடிப்பதில்லை. அடித்தால் நாலு மாடி ஜன்னலும் திறந்து ஏசும். ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்கு, பனியின் மேல் வெளிச்சம் செத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் கம்பளம் தொங்கவிடும் இரும்புச் சட்டத்திலிருந்து பிரம்பு மட்டையின் சத்தம் எழுந்தது. தொப். சற்றுப் பொறுத்து, தொப். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

அந்த அடியின் தாளம் யாத்விகாவுக்குத் தெரியும். அவள் புருஷன் ஸெனோனுடையது. அவனோ எதிரே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். கம்பளம் அவள் காலடியில் கிடந்தது.

அவன் அவள்மேல் கை வைப்பதை விட்டு எட்டு மாதம். கோபம் ஏறினால் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான். அடி அடியென்று அடித்து, தூசியும் வியர்வையும் மணக்க, சாதுப் பூனை மாதிரி ஏறி வருவான். கீழ்வீட்டுத் தெரேசா படிக்கட்டில் மறித்துச் சிரிப்பாள்: "கொடுத்து வச்சவடி நீ. என் வீட்டுக்காரன் செருப்பைக்கூடத் தட்ட மாட்டான்." யாத்விகாவும் சிரித்து வைப்பாள். முன்பு தன் வீட்டுக் கூரை வழியாகக் கேட்ட சத்தங்களைப் பற்றித் தெரேசா ஒருநாளும் பேசியதில்லை.

இன்று பீட்ரூட் சூப்பில் உப்புக் கூடிவிட்டது. அவன் கரண்டியை வைத்தான். தாடை இறுகியது. ஞாயிறு, கீழே போக முடியாது. இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து அழுத்தினான்.

"அடக்கிக்கிட்டேன் பாரு," என்றான்.

அப்போதுதான் சத்தம் தொடங்கியது.

"கீழ யாரு, ஸெனோன்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

தொப். கம்பளத்தில் விழும் அடி வெறுமையாக ஒலிக்கும். இது நிறைந்த எதன் மேலோ விழுந்தது. ஈரமாக.

நின்றது. பிறகு படியேறியது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அடி. தெரேசா வீட்டு வானொலி உரக்கப் பாடத் தொடங்கியது. முன்பு இவள் அடிபடும்போதும் அப்படித்தான் பாடும். நாலு மாடி முழுக்க ஆட்கள்.

"கதவைப் பூட்டினியா?"

"நம்ம வீட்டுக்கு யாருடி வரப்போறா?"

பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை.

அவள் சுவரைப் பார்த்தாள். விளக்கொளியில் நாற்காலியின் நிழல் இருந்தது. அதில் ஸெனோனின் நிழல் இல்லை.

கதவிடுக்கிலிருந்து அது வந்தது. சுவரோடு. மெல்ல. கையில் மட்டை.

மேசைமேல் அவன் கைகள் அசையவில்லை. முகத்தில் அவள் எட்டு மாதமாக வேண்டிக்கொண்ட அந்தச் சாந்தம். யாத்விகா நிமிர்ந்துதான் நின்றாள். சுவரில் அவளுடைய நிழல், அவளைக் கேட்காமலே, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்தது.