பூஜ்ஜியம் புள்ளி மூன்று

கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அதனால் தெருவே அவளை ‘மிளகாய்’ என்று கூப்பிட்டது. வயது பத்து.

ஒரு வாரமாகத் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. அம்மா தினமும் மூன்று தெரு தாண்டிப்போய்த் தண்ணீர் தூக்கினாள். அன்று காலை தண்ணீர் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

‘நிலத்தடிக் குழாயில் கசிவு. மாதத்துக்கு 0.3 மில்லியன் லிட்டர் மட்டுமே. அடுத்த ஆண்டு சரிசெய்யப்படும்.’

“பூஜ்ஜியம் புள்ளி மூணுதானே? ஒண்ணுகூட இல்ல!” என்றார் தையல்கார மாமா, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு.

“ஏதோ சொட்டுத் தண்ணி போலிருக்கு” என்று அம்மாவும் காலிக் குடத்தோடு நகர்ந்தாள்.

மிளகாய்க்கு மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடம் போனதும் முதல் வேலையாகக் கேட்டாள்.

“டீச்சர், ஒரு மில்லியன்னா எவ்வளவு?”

“பத்து லட்சம்.”

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டாள். மூன்று லட்சம்! மூக்கு சிவந்தது.

சாயங்காலம் நேராக அலுவலகத்துக்குப் போனாள். “சார், மூணு லட்சம்னு எழுதினா கை வலிக்குமா?”

அறிவிப்பை எழுதிய பொறியாளர் சிரித்தார். “ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா. கணக்குல தப்பு இல்லையே.”

“கணக்கு சரி. ஆனா படிச்சவங்க எல்லாரும் ஏமாந்துட்டாங்களே!”

“அதுக்கு நான் என்ன பண்றது?” என்று அவர் கோப்பைத் திறந்தார்.

மிளகாய் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். அறிவிப்புக்குக் கீழே, சுவரில், கொட்டை எழுத்தில் எழுதினாள்: மூன்று லட்சம் லிட்டர்.

கூட்டம் கூடிவிட்டது. “அடேங்கப்பா, லட்சமா!” என்றார் தையல்கார மாமா.

“லட்சம்னா பெருசுன்னு தெரியுது. எவ்வளவு பெருசுன்னுதான் தெரியல” என்றாள், குடத்தோடு அந்த வழியே வந்த அம்மா.

“உன் குடம் எத்தனை லிட்டரும்மா?”

“இருபது.”

மிளகாய் மறுபடி எழுதினாள்: பதினைந்தாயிரம் குடம்.

“நம்ம தெருவுல அம்பது வீடு. வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் குடம். அப்படின்னா...” அவள் சுவரிலேயே வகுத்துப் பார்த்தாள். “நம்ம தெரு மொத்தத்துக்கும் ஒரு மாசத் தண்ணிம்மா. மண்ணுக்குள்ள போயிட்டிருக்கு!”

அம்மா குடத்தை அலுவலகப் படியில் ‘ணங்’கென்று வைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா தன் குடத்தை வைத்தாள். சிறிது நேரத்தில் படியில் கால் வைக்க இடமில்லை.

பொறியாளர் வாசலில் வந்து நின்றார். “நாளைக்கே ஆள் அனுப்புறேன்.”

“இன்னைக்கு” என்றாள் அம்மா.

அன்று இரவே பள்ளம் தோண்டிக் கசிவை அடைத்துவிட்டார்கள். மறுநாள் காலை தெருக் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் கழித்து, இன்னும் சுவரில் ஒட்டாத ஒரு புது அறிவிப்போடு பொறியாளர் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

“ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாக்குறியா பாப்பா?”

மிளகாய் முதல் வரியைப் படித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“பேனாவைக் குடுங்க சார்.”