மலைப்பாதைக்கு நாற்பது தணல்

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்ததும் வைரமணி ஒரு விளக்கு ஏற்றுவாள். அந்த வீட்டில் வாரம் முழுவதற்கும் அது ஒன்றுதான் நெருப்பு. திரி பற்றியதும் சுவரிலிருக்கும் தீமானி மெல்லச் சிணுங்கி, அந்த வருடத்து இருப்பிலிருந்து ஒரு துளியைக் கழித்துக்கொள்ளும். சமையலுக்கு மின்தட்டு இருந்தது, வெந்நீருக்குக் கூரைத் தகடு இருந்தது. நெருப்பு என்பது வேறு விஷயம். காரணமில்லாமல் யாரும் அதைப் பற்றவைப்பதில்லை.

விளக்கு ஏற்றியானதும் நேராகக் கார் கொட்டகைக்குப் போவாள். அங்கே அவர்களுடைய பத்மினி நிற்கும். நூறு வயதைத் தாண்டிய கார். வெளிர்பச்சை நிறம், கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும். அவள் கணவர் சிவக்கொழுந்து அதற்கு முன்பே வந்து பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டிருப்பார். துடைப்பது, இறுக்குவது, எண்ணெய் விடுவது எல்லாம் அவர் பாடு. ஓட்டுவது அவள் மட்டும்தான்.

வைரமணி கோயம்புத்தூரில் தானோட்டி வண்டிகளின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். நகரத்து வண்டிகள் அத்தனையும் அவள் திரையில் புள்ளிகளாக நகரும். எதையும் யாரும் ஓட்டவில்லை, எதுவும் எதனோடும் மோதவில்லை, அவளுக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐம்பது வயதில் பொழுதுபோகாமல் வண்டியைக் கையால் ஓட்டப் பழக்கும் கையோட்டிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். முதல்நாள் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பைத் தான் கேட்டதே இல்லை என்று சிவக்கொழுந்து பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கையோட்டி உரிமம் அறுபத்தைந்து வயதோடு முடிந்துவிடும். இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி போகும் மலைப்பாதையைக் கையோட்டிகளுக்கு மட்டும் திறந்துவிடுவார்கள். போன மாதம் இவர்களும் போனார்கள். நாலைந்து வளைவு ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு தானோட்டி வந்து கட்டி இழுத்துக்கொண்டு இறங்கியது. வைரமணி கடைசிவரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை பியாட்ரிஸை வரச் சொல்லியிருந்தார்கள். சிங்காநல்லூரில் பழைய இன்ஜின்களுக்கென்றே பட்டறை நடத்துபவள். வந்தவள் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள்.

"இதைத் தூக்கிப்போட்டுட்டுப் பெரிய இன்ஜினா வெச்சுரலாமாம்மா?" என்று கேட்டார் சிவக்கொழுந்து. ஆசையை மறைக்க அவருக்குத் தெரியாது. "ஒண்ணரை மடங்கு சக்தி. மலையெல்லாம் சும்மா பறக்கும்ல?"

"பறக்குமுங்கண்ணா. ஆனா அந்த இன்ஜின் இழுக்கிற இழுப்புக்கு இந்தக் கிளட்ச் தாங்காது. கிளட்சை மாத்துனா கியர்பாக்ஸ் தாங்காது. அதையும் மாத்துனா பின்னாடி ஆக்சில். அத்தனையும் மாத்தி வேகமா ஏறிப் போயிட்டீங்கன்னு வையுங்க, இறங்கும்போது இந்த பிரேக் நிறுத்துமா?"

"மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றாள் வைரமணி.

"முப்பத்தஞ்சு தணல் வந்துருமுங்கக்கா."

சிவக்கொழுந்து பானெட்டின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

தணல் என்பதுதான் நெருப்புக்கு அளவு. காற்று கெட்டு, கோடையில் ஊர்கள் காலியாகி, அதன்பிறகு வந்த சட்டம் அது. ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு மூன்று தணல். தீபாவளிக்கு ஒரு சரம் கொளுத்துவதோ, கல்யாணத்துக்கு விறகடுப்பில் பிரியாணி போடுவதோ, காருக்குப் பெட்ரோல் எரிப்பதோ அவரவர் விருப்பம். மிச்சம் பிடித்து அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. புதிதாக வார்க்கிற இரும்புக்கும் உலை எரிகிறது என்பதால், அந்த நெருப்பும் பாகத்தை வாங்குபவர் பெயரில்தான் ஏறும்.

"சக்தியை விடுங்க," என்றாள் பியாட்ரிஸ். "இந்த வண்டிக்குச் சூடுதான் பிரச்சினை. மொதல்ல முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுக்கலாம். அப்புறம் நல்ல ரேடியேட்டர் ஒண்ணு, அதுக்கு மின்விசிறி. சிலிண்டரைக் கடைஞ்சு புது பிஸ்டன். பாயின்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன். கார்புரேட்டரை நான் சுத்தம் பண்ணிக் குடுத்தர்றேன், அதுக்குத் தணலே வேண்டாம். எல்லாம் சேர்த்துப் பதினொண்ணு. பழைய இன்ஜின்தான், ஆனா நோகாம ஏறும்."

"எங்க ரெண்டு பேர்த்துக்கும் சேர்த்தே ஆறுதான் வருது," என்றாள் வைரமணி.

"ரெண்டு வருசமாப் பிரிச்சுப் பண்ணலாமுங்க. ஆனா அந்த ரெண்டு வருசமும் பெட்ரோலுக்குப் பெருசா ஒண்ணும் மிஞ்சாது."

உரிமம் முடிய ஆறு வருடம். அதில் இரண்டு வருடம் கார் கொட்டகையிலேயே நிற்க வேண்டும். வைரமணி, சரி பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். பியாட்ரிஸுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

வைரமணி உள்ளே போன சமயம் பார்த்து, சிவக்கொழுந்து ஓசூரிலிருக்கும் மகன் அதியனைக் கூப்பிட்டுப் பேசினார். வருடப் பங்கு போக ஒவ்வொருவர் பெயரிலும் பிறந்த அன்றே ஒதுக்கி வைத்த நெருப்பு ஒன்று உண்டு. ஈமத் தணல் என்பார்கள். செத்தபிறகு சிதைக்கு நாற்பது தணல். புதைத்தால் போதும் என்பவர்கள் உயிரோடிருக்கும்போதே அதை விடுவித்து எடுத்துச் செலவு செய்துகொள்ளலாம். அதற்குக் காலாவதி கிடையாது. ஆனால் பாதி எடுக்க முடியாது, எடுத்தால் முழுவதும்தான். கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை வாயால் சம்மதம் சொல்லவும் வேண்டும். தன்னுடையதை விடுவிக்க அந்தச் சம்மதத்தைத்தான் அவர் மகனிடம் கேட்டார்.

அதியன் மறுநாளே வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு காருக்காகவாப்பா?"

"காருக்காக இல்ல சாமி. உங்கம்மாவுக்காக."

"நான் சொல்ல மாட்டேன். தாத்தாவை எரிச்சப்ப என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்களே, நெனப்பிருக்கா? அவர் செத்துட்டார்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அது ஏறவே இல்ல. தூங்குற மாதிரித்தானே இருந்தார். அந்தத் தீயைப் பார்த்தப்பத்தான் தாத்தா இனிமே இல்லைன்னு புரிஞ்சுது. என் ஆயுசுல நான் பார்த்த பெரிய தீ அது ஒண்ணுதாம்ப்பா. உங்களுக்கு அது இல்லைன்னா, நீங்க போயிட்டீங்கன்னு நான் எப்படி நம்புவேன்?"

மகன் இத்தனை வருடமாக இதைச் சுமந்துகொண்டிருந்தான் என்பதே சிவக்கொழுந்துக்கு இப்போதுதான் தெரிந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த வைரமணி முன்னால் வந்தாள்.

"உங்கப்பாவோடதை யாரும் தொட வேண்டாம். அது உனக்கு. என்னோடதை விட்டுக்குடு."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்ன மணி நீ?" என்றார் சிவக்கொழுந்து.

"நான் நெம்ப நாளா யோசிச்சதுதானுங்க. என்னை எரிக்கச் சொல்லி நான் எப்பக் கேட்டேன்? கண்ணை மூடுனதுக்கப்புறம் அரைநாள் எரியறதுக்கு நாப்பது தணல். அது நான் உசுரோட இருக்கும்போது எரிஞ்சா, நானும் பார்ப்பேனில்ல?"

அதியன் கோபமாக ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். அவள் அவனைச் சாப்பிட உட்காரவைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை மூன்று பேரும் மழையைப் பற்றியும் ஓசூர் வாடகையைப் பற்றியும் பேசினார்கள்.

கிளம்பும்போது அவன் தானோட்டியை அழைக்கப் போனான். வைரமணி வேண்டாமென்று சொல்லிச் சாவியை எடுத்தாள். அவன் அந்தக் காரில் ஏறியதே இல்லை. அந்தக் காலத்துப் படத்தில் வருவதுபோல இருக்கிறது என்று கேலி செய்வானே தவிர உட்கார்ந்ததில்லை. இப்போது முன்சீட்டில் ஏறிக்கொண்டான். சிவக்கொழுந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரயில் நிலையம் போகிறவரை அதியன் சாலையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை கியரை மாற்றிவிட்டுத் தானாக ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. கால்கள் கீழே அவற்றின்பாட்டுக்கு வேலை செய்தன. சிக்னலில் சுற்றிலும் தானோட்டிகள் சத்தமில்லாமல் நிற்க, பத்மினி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டிக்குள்ளிருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கு வைரமணி ஹாரன் அடித்துக் காட்டினாள். அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த அம்மா நாள்தவறாமல் களைத்து வீட்டுக்கு வருபவள், ஒன்றும் கேட்காதவள். இது வேறு ஒருத்தி.

நிலையத்து வாசலில் அவள் நிறுத்தினாள். அவன் கதவைத் திறந்தான், ஆனால் இறங்கவில்லை.

"மண்ணுல வெச்சா, நான் அங்க வந்து என்னம்மா பண்ணுவேன்?"

"சும்மா உக்காந்துட்டுப் போ. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் மணிக்கட்டுப் பேசியில், தணல் கணக்கை வைத்திருக்கும் தீத்துறையை அழைத்தான். தன் பெயரைச் சொன்னான், தாயின் பெயரைச் சொன்னான், சம்மதம் என்று சொன்னான். அந்தப் பக்கம் மறுபடியும் கேட்டார்கள் போல. "சம்மதங்க," என்று இன்னொரு முறை சொன்னான். இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

"அப்பாவோடது என்னைக்கும் அப்படியே இருக்கணும்."

"இருக்கும்," என்றாள்.

நாற்பது தணல் கைக்கு வந்ததும் சிவக்கொழுந்துக்குப் பெரிய இன்ஜின் மறுபடி கனவில் வரத் தொடங்கியது. அதை அவர் ஜாடைமாடையாகச் சொல்லியும் பார்த்தார். வைரமணி அசையவில்லை.

"முப்பத்தஞ்சைக் குடுத்துட்டா மிச்சம் அஞ்சுங்க. பத்துத் தடவை மலைக்குப் போயிட்டு வந்தா அதுவும் தீந்துபோகும். பதினொண்ணுல முடிச்சா பாக்கி அத்தனையும் ரோடு. எனக்கு வேண்டியது ரோடுதானுங்க, இன்ஜின் இல்ல."

பியாட்ரிஸ் வேலையை எடுத்துக்கொண்டாள். சிலிண்டர் கடைந்து வர நாளானது. பிஸ்டன்கள் வார்ப்பகத்திலிருந்து வந்தபோது சிவக்கொழுந்து பட்டறைக்கே போய் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தார். வீட்டில் மட்டும் அவர் பேச்சு குறைந்திருந்தது. என்னவென்று வைரமணி கேட்டபோது, ஒன்றுமில்லை என்றார். இரண்டாம் முறை கேட்டபோது சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் போவோம்னு நெனச்சிருந்தேன் மணி. இப்ப நான் நெருப்புல, நீ மண்ணுல."

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மலைக்குப் போனார்கள். முந்தின நாள் பெய்த மழையில் பாதை கழுவிவிட்டதுபோல இருந்தது. முன்பு நின்றுபோன வளைவு வந்ததும் சிவக்கொழுந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் பாதிக்கு மேல் எழவில்லை. வைரமணி மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். இன்ஜின் குரல் ஒரு படி உயர்ந்து, நிதானமாக இழுத்துக்கொண்டு ஏறியது. வேகமில்லை. புதிய இன்ஜின் வைத்த இரண்டு வண்டிகள் அவர்களைத் தாண்டிப் பறந்தன. போகிற போக்கில் ஒருவர் கை காட்டினார், இவளும் காட்டினாள். அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது இன்ஜின் சத்தத்தினூடே அவருக்குக் கேட்டது.

கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால், பாதை அகலமாகும் ஓரிடத்தில் அவள் ஒதுங்கி நிறுத்தினாள். வண்டிக்கு ஓய்வு தேவைப்படவில்லை. அவளுக்குத்தான் இறங்கி நிற்க வேண்டும்போல இருந்தது. சரிவில் ஊர்ப் பஞ்சாயத்து விட்டிருந்த மரப்புதைகாடு தெரிந்தது. புதைத்த இடத்தில் கல் வைக்காமல் மரம் நடுகிற இடம். இளம் கன்றுகளும் வளர்ந்த மரங்களுமாகக் கீழே இறங்கிப்போனது. அதற்கப்பால் மேகம்.

"இங்க காத்து நல்லா இருக்குதுங்க," என்றாள்.

சிவக்கொழுந்து அந்தச் சரிவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு பாகத்தின் அளவைச் சரிபார்ப்பவரைப்போலக் கேட்டார்:

"என்னை எரிச்சதுக்கப்புறம் சாம்பலை ஆத்துலதான் கரைக்கணும்னு சட்டம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லீங்களே."

"அப்ப அதியன்கிட்டச் சொல்லி வெக்கணும். உன்ற மரத்துக்கு அடியில கொண்டாந்து போட்டுறட்டும். எருவாவாச்சும் ஆகும்."

அவள் அவரைப் பார்த்தாள். ஈரக் காற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மரம்னு நான் இன்னும் முடிவே பண்ணல," என்றாள்.

"பண்ணு. ஆறு வருசம் இருக்குது, ஒவ்வொண்ணா வந்து பார்த்துட்டுப் போலாம்," என்று சொல்லி அவர் சரிவில் இறங்கத் தொடங்கினார். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தபடி பின்னால் இறங்கினாள்.