வேகாத கால்

வெந்தது வலது கால். வீங்கியிருந்தது இடது கால்.

எல்லப்பன் அதைக் காலையிலேயே பார்த்துவிட்டார். பட்டு நூல் அவிக்கும் கொப்பரை கவிழ்ந்து, கொதிக்கும் சோப்புத் தண்ணீர் மனைவி கலைமகளின் வயிற்றிலிருந்து வலது பாதம் வரை கொட்டிப் பதினேழு நாள் ஆகிறது. ஒரு சொட்டுக்கூடப் படாத இடது கால் எதற்கு வீங்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி போட்டார்கள். "வெந்தது தோல்தான் பெரியவரே, ஆனா உடம்பு பூரா உள்ளுக்குள்ள கொதிச்சுகினு கீது. கால்ல ரத்தம் கட்டிக்கும். கட்டாம இருக்கத்தான் இந்த ஊசி" என்றாள் நர்ஸ். புண்ணில் நீர் வடிகிறவளுக்கு ரத்தத்தை இளக்க ஊசியா? ஏமாற்று வேலை. என் பொறுப்பு என்று தாளில் கைநாட்டு வைத்து, ஆரணி வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். நாலு நாளாக ஊசி இல்லை. அவளும் அசையாமல் கிடக்கிறாள்.

மதியம் கரண்ட் போனது. தெரு நெடுக இரைந்த பவர்லூம்கள் ஒவ்வொன்றாக ஓய, களிம்பு வாடையும் புழுக்கமும் அடைத்துக் கிடந்த அந்த அறையில், ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"கால் கனமா கீதுய்யா. கல்லு கட்டனாப்பல."

"படுத்துகினே சோறு துன்னா கனக்காம?"

"நீ ஆக்கிப் போட்ட சோறுதான? அதான் கல்லு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீங்கிய காலைத் தொட்டார். சுட்டது. தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று மேலே ஓடி, முழங்காலுக்குப் பின்னால் முடிச்சாக நின்றது.

முடிச்சு அவருக்குப் பழக்கம். சரியாக அவியாத பட்டில் பசை இப்படித்தான் திரளும். சூடு காட்டிக் கட்டைவிரலால் மேலே வழித்தால் இளகிவிடும். ஐம்பது வருஷத்து வேலை. வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒற்றினார். வழித்தார்.

"நோவுதுய்யா. வுட்டுடு."

"இரு மே. கரையுது."

முடிச்சு அசையவில்லை. இன்னும் அழுத்தினார். நெகிழ்ந்தது. வழுக்கியது.

விரலடியில் இல்லை.

"போச்சு பார்!"



நிமிர்ந்தார். அவள் வாய் திறந்திருந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலம்.

"இன்னா மே? எங்க நோவுது? சொல்லு மே!"

அவள் விரல் எழுந்தது. தொடையைத் தொட்டது. மெல்ல மேலே ஏறியது. இடுப்பு. வயிறு. நெஞ்சு.

அங்கே நின்றது. கண் அவர் கட்டைவிரலையே பார்த்தபடி இருந்தது. இமைக்கவில்லை.