பதில் சொன்னவன்

விமானங்களைக் காட்டும் கைபேசித் திரையில் மகள் வந்த விமானம் இறங்கி வெகுநேரம் ஆகிவிட்டது. வானொலியில் அது இன்னும் தன் அழைப்புப் பெயரைச் சொல்லி இறங்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

"அல்மாட்டி டவர், கர்லிகாஷ் எழுபத்தொன்று. இறங்க அனுமதி வேண்டும்."

விமான நிலைய டவர் பதில் சொல்லவில்லை.

மத்தியானத்தையே சாம்பலாக்கிவிட்ட பனிமூட்டத்தையும், எதிர்வீட்டு நிலக்கரிப் புகை சன்னல் இடுக்கில் புகுந்து அடுப்படியில் பொரியும் பவுர்சாக் மாவுருண்டை வாசனையைக் கெடுப்பதையும், காலடியில் சில்லென்று கிடந்த வெப்பக்குழாயையும் ஓராஸ்பெக் ஒருசேரச் சபித்துக்கொண்டிருந்தான். ஊருக்கே சூடு போக ஆயுசெல்லாம் கொதிகலனில் கரி அள்ளிப் போட்டவன் அவன். இப்போது வாரம் முழுக்க வெப்ப அலுவலகத்துக்குப் போன் போடுகிறான். மணி அடிக்கிறது, ஒருத்தனும் எடுப்பதில்லை.

"அல்மாட்டி டவர், கர்லிகாஷ் எழுபத்தொன்று."

"மாரால் இறங்கி டாக்சியும் ஏறிட்டா," என்றாள் மனைவி குன்சுலு அடுப்படியிலிருந்து. "நீங்க இன்னும் யாருக்கு வானத்தைக் காவல் காக்குறீங்க?"

"உன் மக வந்த விமானந்தான்டி கத்துது."

"அப்ப அவ பாதியில குதிச்சு வந்தாளாக்கும். பெட்டியை அணைங்க. பொண்ணு வர்ற நேரத்துல மூஞ்சியை இப்படி வச்சிருக்காதீங்க."

அவன் அணைக்கவில்லை. வேறொரு விமானம் கூப்பிட்டது. டவர் உடனே பதில் சொன்னது. பிறகு எழுபத்தொன்று கூப்பிட்டது. டவர் வாயே திறக்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்கிறான், விமானி பேசினால் பின்னால் இயந்திரம் இரையும். இந்தக் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இரையவில்லை. மூச்சுகூட இல்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கூப்பிடுகிறவனை நாயாக நினைக்கிறான்கள், எல்லா இடத்திலும்.

அவனுடையது பேசவும் கூடிய பெட்டி. விமான வானொலி கேட்கிறவர்களுக்கு இருப்பது ஒரே சட்டம்: கேட்கலாம், பேசக்கூடாது. டவர் இட்ட உத்தரவை விமானி வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வான். திருப்பிச் சொல்லிவிட்டால் அதன் பொறுப்பு உத்தரவு சொன்னவன் தலையில்.

"அல்மாட்டி டவர், கேட்கிறதா?"

ஓராஸ்பெக் பொத்தானை அழுத்தினான். "கேக்குதுடா. இறங்கித் தொலை."

"இறங்கித் தொலைகிறேன்," என்றது குரல். "பாப்லர் சாலை. உங்கள் சன்னல் தெரிகிறது."

ஓராஸ்பெக் தன் சாலையின் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

"பயணிகளில் ஒருத்தி குறைகிறாள். வழியில் ஏற்றிக்கொள்கிறோம்."

அவன் மறுபடி அழுத்தினான். "வேணாம். மேல போ. திரும்பிப் போ."

குரல் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"மேல போடா நாயே. கேக்குதா?"

"யாரைத் திட்டுறீங்க?" குன்சுலு கரண்டியோடு வந்து நின்றாள். அதற்குள் கைபேசி அடித்தது. மாரால்.

"அப்பா, நம்ம ரோட்டுல எப்ப விளக்கு போட்டாங்க? ரெண்டு பக்கமும் வெள்ளையா, வரிசையா எரியுது. டிரைவர் அண்ணன் வண்டிய நிறுத்திட்டாரு. மேல பாத்துக்கிட்டே இருக்காரு, கூப்பிட்டா திரும்பல."

"மாரால், கதவைத் திற. ஓரத்துப் பள்ளத்துல குதி. இப்பவே."

போனில் டாக்சியின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடி துடைப்பானின் கிறீச்சும். இரண்டும் நின்றன.

"கதவைத் திறக்கிறேன்," என்றாள். ஏற்ற இறக்கம் இல்லாமல். "ஓரத்துப் பள்ளத்தில் குதிக்கிறேன்."

மூச்சு கேட்கவில்லை.

அவன் சன்னலுக்குத் திரும்பினான். சாலையின் இரு புறமும் வெள்ளை விளக்குகள். நடுவே டாக்சி. பின்கதவு திறந்து கிடந்தது. பள்ளத்தில் யாரும் இல்லை. பாப்லர் மரங்களுக்கு மேலே பனிமூட்டம் பிளந்தது. சத்தமே இல்லாமல். சக்கரங்கள். வயிறு. பிறகு வட்டச் சன்னல்கள், வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு முகம், எல்லாம் அவனைப் பார்த்தபடி.

ஒரு சன்னல் மட்டும் காலியாக இருந்தது.

பிறகு அதுவும் காலியாக இல்லை.