இடது கன்னத்தின் நிறம்

நிழல் என்றுதான் முதலில் நினைத்தார். புது மானிட்டரில் திறந்த மனைவியின் படத்தில், இடது கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே, வெளிறிய ஊதாவில் ஒரு படர்வு இருந்தது. உற்றுப் பார்த்தால் மறைந்தது, பார்வையை விலக்கினால் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். திரையைத் துடைத்தார். படர்வு போகவில்லை.

திருமணப் படங்களில் தோலைத் திருத்துவது அவருக்குத் தொழில். பருவையும் தழும்பையும் சுவடில்லாமல் நீக்குவதால் ஸ்டூடியோவில் ‘தோல் டாக்டர்’ என்பார்கள். வெளிச்சம் பட்டால் நிறம் பொய் சொல்லும் என்பதால் வீட்டிலுள்ள அவரது வேலையறையில் நண்பகலிலும் இருட்டுதான்: சன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவருக்குச் சாம்பல் பூச்சு. எந்தத் திரை வந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் இந்த ஒரே படத்தைத் திறந்து, இழுப்பறையிலுள்ள அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பன்னிரண்டு ஆண்டு வழக்கம்.

மானிட்டரைத் தேர்ந்தெடுத்தவள் மகள். கல்லூரியில் இறுதியாண்டு, விடுமுறை நாள்களில் அதில் விளையாடப்போகிறவள். அவருக்கு நிறம் பிசகக் கூடாது, அவளுக்கு வேகம் குறையக் கூடாது. இரண்டும் ஒன்றில் அமைவது அரிது என்று கடைக்காரர் இழுத்தபோது அவள் விடவில்லை.

“எங்க அப்பா மாதிரி ஒண்ணு குடுங்கண்ணா. நிறமும் மாறாது, சூடும் ஆகாது. இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு தடவைகூடக் குரல உசத்தினதில்ல.”

கடைக்காரர் சிரித்தார். அப்பா அட்டைப்பெட்டியின் மேலிருந்த எழுத்துகளைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டார்.

ஒரு தடவை உண்டு. மகளுக்கு அப்போது எட்டு வயது; பள்ளிக்குப் போயிருந்தாள். இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்திய படங்களை மனைவி தவறுதலாக அழித்துவிட்டிருந்தாள். மறுநாள் அவளுடைய அடையாள அட்டைக்குப் படம் கொடுத்தாக வேண்டும். அவரே எடுத்தார். வலது கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து இடது கன்னத்தில் பரப்பி, ஐந்து விரல் தடங்களையும் ஒவ்வொன்றாக நீக்கினார். மூலப் படத்தை அழித்தார். அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்த மனைவி, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் செய்த வேலைகளில் குறையே இல்லாதது அதுதான். அதனாலேயே அதை அளவுகோலாக வைத்துக்கொண்டார். அந்தக் காரணத்தை இன்றுவரை அவர் தமக்குள்ளும் உரக்கச் சொன்னதில்லை.

திரையில் கோளாறு இருக்கலாம் என்று வெள்ளையை நிரப்பிப் பார்த்தார்; பிறகு கறுப்பை, பிறகு சாம்பலை. எங்கும் ஒரு புள்ளி பிசகில்லை. வேறு முகங்களைத் திறந்தார். எல்லாம் துல்லியம். மீண்டும் மனைவியின் படத்துக்கு வந்து கன்னத்தைப் பெரிதாக்கினார். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை சூடேறி மூக்கில் ஏறியது. சமையலறையில் குழாய் சீராக ஓடிக்கொண்டிருந்தது. படர்வு பிரிந்து ஐந்து கோடுகளாயிற்று. ஐந்தாவது, மற்ற நான்கிலிருந்து விலகி, வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அவர் தம் சுண்டுவிரலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பிரஷை எடுத்து நீக்கினார். கன்னம் சுத்தமாயிற்று. தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது ஐந்தும் திரும்பியிருந்தன, முன்பைவிடக் கருத்து. மறுபடி நீக்கினார். இம்முறை நாற்காலியைச் சரிசெய்து நிமிர்வதற்குள் வந்துவிட்டன. மூன்றாம் முறை, மவுஸிலிருந்து விரலை எடுப்பதற்குள். நான்காம் முறை, நீக்கிக்கொண்டிருக்கும்போதே.

கதவு தட்டப்பட்டது.

“அப்பா, திறங்க. கலர் எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“இரும்மா. இன்னும் சரி பண்ணல.”

“புதுசுதானே? அதுல என்னத்த சரி பண்றீங்க? அதுக்கும் பரு வந்துடுச்சா?”

படத்தை மூடினார். முகம் போயிற்று. விரல்கள் போகவில்லை. வெறும் சாம்பல் திரையில், ஐந்தும். மானிட்டரின் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. விரல்கள் இருளவில்லை.

குழாய் நின்றது.

மறுபடி மானிட்டரைப் போட்டார். படத்தைத் திறந்தார். அழுத்தித் தேய்த்தார். மணிக்கட்டு வலித்தது. தேய்த்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. தேய்த்தார்.

போயிற்று.

நூறு வரை எண்ணினார். வரவில்லை. எழுந்து தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்து, வலக்கையை மவுஸின் மேல் வைத்துக்கொண்டார். மகள் உள்ளே வந்து அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தாள். அவள் மூச்சு அவர் காதில் பட்டது.

“அம்மா எவ்வளவு அழகா இருக்காங்க. அம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து வாசலில் நின்றாள். கூடத்து வெளிச்சம் அவளுடைய இடது பக்கத்தில் விழுந்தது. கன்னத்தில் ஐந்து குழிகள். காயமில்லை, கன்றலில்லை. இன்னும் எடுக்கப்படாத விரல்களுக்கு அடியில் சதை அமுங்கியிருக்குமே, அப்படி.

“கன்னத்துல என்னம்மா?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்டி.”

மகள் மிகவும் மெல்ல, “நான் மூணாவது படிக்கும்போதும் இதையேதான் சொன்னீங்க” என்றாள்.

அவர் மவுஸின் மேலிருந்த சுட்டுவிரலைத் தூக்கினார். கன்னத்தில் ஒரு குழி நிரம்பியது. இறக்கினார். அமுங்கியது. இடையில் தாமதம் என்று எதுவும் இல்லை.

மகள் அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை.

கை நடுங்கத் தொடங்கியது. மனைவியின் முகம் அதே நடுக்கத்தில் அசைந்தது. அவள் படத்துக்கு நிற்பவளைப்போல நேராக, சிரித்தபடி, நின்றுகொண்டிருந்தாள்.