மூக்கைத் தூக்கிய விமானம்

செவ்வாய் ஆண்டு 61, இரண்டாம் ஆடி 12.
இன்று வால்பகுதியின் உள்தகட்டில் ஒரு துளையைத் தவறான இடத்தில் போட்டுவிட்டேன். உடனே அடைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் தவறு தவறுதான்.

பூங்கோதை நாட்குறிப்பை மூடினாள். பிறகு சந்தேகம் வந்து திறந்து, 'ஒரு துளை' என்பதை 'ஒரு சிறிய துளை' என்று திருத்தினாள். அது நியாயமில்லை என்று தோன்றவே, 'சிறிய'வை அடித்துவிட்டாள்.

செவ்வாயின் ஓராண்டு பூமியின் இரண்டு ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ் மாதங்களை விட்டுவிட மனமில்லாத குடியேறிகள் ஒவ்வொரு மாதத்தையும் இரண்டு முறை வைத்துக்கொண்டார்கள். அதனால் கல்யாணம் வைக்கக்கூடாத ஆடியும் இரண்டு முறை வந்தது. ஓர் ஆடியிலாவது வைத்துத்தான் பார்ப்போமே என்று இதுவரை யாரும் துணியவில்லை.

பூங்கோதைக்குப் பகலில் பாசிப் பண்ணையில் வேலை. மாலையில் விமானப் பழுதுபார்ப்பு வகுப்பு. வகுப்புக்குப் பாடமாக வந்து சேர்ந்தது ஒரு நிஜ விமானம். நீர்ப்போர் முடிந்தபின், துருவத்தில் காவல் நின்ற பொறிவீரர்களை, அதாவது இயந்திரச் சிப்பாய்களை, ஊருக்குக் கொண்டுவருவதற்காகக் கட்டிய ராணுவப் போக்குவரத்து விமானம் அது. மெல்லிய காற்றுக்கு ஏற்ற நீண்ட இறக்கைகள், பெருத்த வயிறு, ஏறவும் இறங்கவும் வால்பக்கத்தில் ஒரே கதவு. சென்ற ஆனியில் அது புது வள்ளியூர் ஓடுதளத்தைத் தொட்டு அழகாக ஓடிக்கொண்டிருந்தது; திடீரென்று மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் குத்தி, இரண்டாக ஒடிந்தது. பொறிவீரர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. விமானி அல்போன்சாவுக்கு உரிமம் போயிற்று.

மாலை வகுப்பு விமானத்தை ஒட்டி, தைத்து, நிமிர்த்திவிட்டது. சோதனைக்கு மட்டும் அல்போன்சாவுக்குத் தற்காலிக அனுமதி வாங்கி, காலியாக ஓட்டிப் பார்த்தார்கள், பூப்போல இறங்கியது. பொறிவீரர்களின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் பூப்போலவே இறங்கியது. அதுதான் அல்போன்சாவுக்கு வினையாயிற்று.

"விமானத்துல குறை இல்லை. அப்ப ஓட்டினவங்ககிட்டதான் குறை," என்றார் விசாரணை அதிகாரி நல்லசிவம். மறுநாளே கோப்பை மூடிவிட அவருக்கு ஆசை.

அல்போன்சா கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள். "மூடுங்க சார். துருவத்துல ஐஸ் லாரி ஓட்ட ஆள் கேக்கிறாங்க. வருஷத்துல ஒருக்கா வந்து எம் பிள்ளை மூஞ்சியப் பாத்துக்கிறேன். செவ்வாய் வருஷம்."

பூங்கோதை தொண்டையைச் செருமினாள். தான் சொல்லப்போவது முட்டாள்தனமாக இருக்குமோ என்று முதலில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப்பார்த்தாள். முட்டாள்தனமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"சார், அன்னிக்கு ஒடிஞ்சப்ப உள்ள மணல் மூட்டை இல்லையே."

"கனம் அதேதானேம்மா?"

"அதேதான் சார். ஆனா ஒரு சோதனைல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. நாம வாலையும் மாத்திட்டோம், ஆளையும் மாத்திட்டோம்."

"ஏன் கோதை, அதுகளைத் திரும்பவும் ஏத்தச் சொல்றியா? அதுக்கு இந்த லாரியே தேவலை," என்றாள் அல்போன்சா. ஆனால் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதே பொறிவீரர்கள் அதே வரிசையில் ஏறி அமர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஓர் எருமைக் கனம். நல்லசிவம் மேற்பார்வைக்காக முன்வரிசையில் உட்கார்ந்து, பையை மேல்தட்டில் வைத்தார். பூங்கோதை நடுவில் இருந்தாள். ஆட்கள் ஏறியதால் அல்போன்சா எல்லா முறைகளையும் விதிப்படி செய்தாள். மூட்டைகளோடு பறந்தபோது அவற்றில் பாதிக்குத் தேவை இருக்கவில்லை.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. அல்போன்சாவின் குரல் ஒலித்தது.

"பயணிகள் கவனத்துக்கு. விமானம் முழுமையாக நிற்கும்வரை தயவுசெய்து இருக்கையிலேயே அமர்ந்திருக்கவும்."

டக், டக், டக் என்று இருக்கைப் பட்டைகள் கழன்றன. பொறிவீரர்கள் அத்தனை பேரும் ஒருசேர எழுந்தார்கள். வால்பக்கக் கதவை நோக்கி நெருக்கியடித்துப் போய் நின்றார்கள். விமானம் மூக்கைத் தூக்கியது. சன்னலில் தரை போய் வானம் வந்தது. பின்னால் மடமடவென்று ஒரு சத்தம்.

இந்த முறை இரண்டாக ஒடியவில்லை; வால் மட்டும் ஒடிந்தது. உள்ளறையில் காற்றுக்கூடக் கசியவில்லை. அந்த அளவில் மாலை வகுப்பின் உழைப்பு வீண்போகவில்லை.

"யாருய்யா எழுந்திரிக்கச் சொன்னது?" நல்லசிவத்தின் நெற்றி புடைத்திருந்தது.

"அறிவிப்பு வந்தது, ஐயா," என்றார் பொறிவீரர்களின் ஹவில்தார்.

"உக்காரச் சொல்லித்தானே அறிவிப்பு?"

"மனிதர்களோடு பயணம் செய்யும் முறையைப் பூமியின் பழைய விமானப் பதிவுகளைப் பார்த்துக் கற்றோம், ஐயா. இந்த அறிவிப்பு ஒலித்த ஒவ்வொரு விமானத்திலும் பயணிகள் உடனே எழுந்து வாசல் பக்கம் நெருக்கினார்கள். ஆகவே இது எழுவதற்கான உத்தரவு."

"கதவு திறக்கவே இல்லையே. அங்க போய் நின்னு என்ன செய்யிறதா உத்தேசம்?"

"அதுதான் எங்களுக்கும் விளங்கவில்லை. பதிவுகளில் யாரும் எதுவும் செய்வதில்லை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார்கள்."

"போன தடவையே இதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"யாரும் கேட்கவில்லை, ஐயா. ஆவணத்தில் நாங்கள் சரக்கு." ஹவில்தார் நல்லசிவத்தின் கையைப் பார்த்தார். "தாங்கள் எந்த உத்தரவுக்கு எழுந்தீர்கள்?"

நல்லசிவம் மேல்தட்டிலிருந்து எடுத்த பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

அல்போன்சா விமானி அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "ரெண்டு தடவையும் ஒழுங்கா அறிவிப்பு குடுத்தேன் பாரு கோதை. அதுதான் நான் செஞ்ச தப்பு."

அன்று மாலையே உரிமம் திரும்ப வந்தது. இனி எந்த விமானியும் பயணிகளை உட்காரச் சொல்லக்கூடாது என்ற தடையுத்தரவும் அதோடு வந்தது.

இரண்டாம் ஆடி 20.
அல்போன்சாக்கா மறுபடி விமானி. மகிழ்ச்சி.
என் முழங்கால் வீங்கியிருக்கிறது. பட்டை மாட்டி உட்கார்ந்திருந்தவளுக்கு முழங்கால் எப்படித் தரையில் இடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இடிக்காது. நானும் எழுந்து நின்றிருக்கிறேன். நான் செவ்வாயில் பிறந்தவள். விமானத்தில் ஏறியது இன்றுதான் முதல்முறை.
நாளை: ஒடிந்த வாலைக் கழற்ற வேண்டும்.