நான்காவது எண்

அன்று மாலை பையைச் சுமந்து படியேறியவர்கள்: முன்னால் உதயகுமார், அடுத்து வரலட்சுமி, கடைசியாக லோகேஷ். மூன்றே பேர். ஆனால் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது லோகேஷுக்கு நான்கு ஜோடி பூட்ஸ் சத்தம் கேட்டது.

நின்றான். பின்னாலிருந்த சத்தமும் நின்றது, ஒரு படி தாமதமாக.

"இன்னா மாமே, நின்னுகினு கீறே?" என்று மேலிருந்து உதயகுமார் கேட்டான். ஒன்றுமில்லை என்று லோகேஷ் ஏறினான்.

கோவில்பதாகையில் மலை ஏது? இந்த ஐந்து மாடிப் படிக்கட்டுதான் அவர்களுக்கு மலை. மூவருக்கும் அம்பத்தூரில் ஒரே பட்டறையில் வேலை. வேலை முடிந்து வந்து, மலையேற்றப் பயிற்சியாக முதுகில் பன்னிரண்டு கிலோ தண்ணீர் பாட்டில்களோடு பத்துத் தடவை ஏறி இறங்குவார்கள். எல்லாம் உதயகுமாரின் சட்டம். தின்ற மிட்டாயின் தாளைக்கூட மேலே விட்டுவரக் கூடாது. இறங்கும் முன் வரிசையாக எண் சொல்ல வேண்டும். கடைசி ஆள் மொட்டை மாடிக் கதவைப் பூட்டிவிட்டு வர வேண்டும்.

போன வருஷம் கடைசி ஆள் பானுப்பிரியா, லோகேஷின் மனைவி. அவளுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதனால் தன் எண்ணைச் சொன்ன கையோடு அவளுடைய "நாலு"வையும் லோகேஷே கத்திவிடுவான். உதயகுமார் முறைப்பான், பிறகு அவனும் சிரித்துவிடுவான். "எனக்கு மூச்சு மிச்சம்" என்பாள் அவள், இஞ்சி மிட்டாயை வாயில் ஒதுக்கியபடி.

அந்த வருஷம் நால்வரும் பனிமலை ஏறப் போனபோது, சிகரத்துக்குக் கீழே, முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாத பனிமூட்டத்தில், திரும்பலாம் என்று உதயகுமார் எண் கேட்டான். பழக்க தோஷத்தில் லோகேஷ், "மூணு, நாலு" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை. கூடாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்.

உடல் கிடைக்கவில்லை. அந்தக் காற்றில் யார் குரலென்று பிரித்தறிய முடிந்திருக்காது. நாலு என்று சொன்னது நீயா அவளா என்று உதயகுமார் ஒரே ஒரு தடவை கேட்டான். "அவதான்" என்றான் லோகேஷ். அந்தப் பொய்யோடுதான் இந்த வருஷம் அவளைத் தேடிப் போகப் பயிற்சி எடுக்கிறான்.

பத்தாவது தடவை மேலே வந்தபோது மின்சாரம் போயிருந்தது. நாளெல்லாம் வெயில் குடித்த தளம் பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. ஆவடிப் பக்கம் ஏதோ ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிய, லோகேஷ் குனிந்து எடுத்தான். இஞ்சி மிட்டாய்த் தாள். அதன் மடிப்பில் பனித்தூள்.

கரையவில்லை.

மற்ற இருவரும் கதவைத் தாண்டிப் படிக்கட்டில் நின்றார்கள். உதயகுமார் எண்ணத் தொடங்கினான்.

"ஒண்ணு."

"ரெண்டு." வரலட்சுமி.

லோகேஷ் வாயைத் திறந்தான். காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சு முழுக்கக் குளிர். இன்னொரு முறை முயன்றான். சத்தமில்லை.

"மூணு."

அவன் குரல். படிக்கட்டிலிருந்து.

"சரி மாமே, பூட்டிகினு வா," என்றான் உதயகுமார்.

படியிறங்கும் சத்தம். ஒரு ஜோடி. இரண்டு. மூன்றாவது மட்டும் கதவருகிலேயே நின்றது. லோகேஷ் கதவை நோக்கி நடந்தான். முழங்கால்வரை எதிலோ புதைவதுபோல் கால் நகர மறுத்தது. சித்திரை மாதத்து மொட்டை மாடியில் அவன் மூச்சு வெள்ளையாக வந்தது. கொஞ்சமாக. இன்னும் கொஞ்சமாக.

கதவிடுக்கில் யாரோ மூச்சு வாங்கினார்கள். அந்தத் திணறல் அவனுக்குத் தெரியும்.

"உனக்கு மூச்சு மிச்சம்," என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள். பிறகு பூட்டு.